அறுபது சதவீதக்காரர்

மனிதர்களில் சதவீதக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மைக்கைக் கண்டால் தொண்டையைச் செருமுவார், நூற்றுக்கு இத்தனை பேர் என்று ஆரம்பிப்பார், அந்த நூறு பேரும் கொட்டாவி விட்டு முடிக்கும்வரை நிறுத்தமாட்டார். தலை வலிக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், பட்டதாரிகளுக்குத் தலைவலி எத்தனை சதவீதம் குறைவு என்பதைச் சொல்லி அனுப்புவார். நம்முடைய ஆள் இந்த இனத்தில் நன்றாக முற்றியவர்.

மாநிலத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கியவர்களை ஐந்தே வருடத்தில் நூற்றுக்கு அறுபது பேராக்கியே தீருவது என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதற்கு இவர் தலைவர். இப்போது முப்பத்தெட்டில் நிற்கிறது. அறைச் சுவர் முழுக்க மாநில வரைபடம், அதில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் குண்டூசிகள். காலையில் வந்ததும் ஒரு குண்டூசியையாவது பிடுங்கி வேறு இடத்தில் குத்தினால்தான் அவருக்குக் காபி இறங்கும். படிப்பு எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பட்டம் வாங்கியவனுக்கு வேலை நிலைக்கும், படித்த தாயின் பிள்ளை பள்ளியை விட்டு நிற்காது, படித்தவன் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு ஏமாறமாட்டான், நியாயம் கேட்க வாய் வரும் என்று விரல் விட்டு அடுக்குவார். சும்மா சொல்லக் கூடாது, அத்தனையும் உண்மை. அதுதான் எரிச்சலே! பொய் சொல்கிற ஆளாக இருந்தால் போய்யா என்று விட்டுவிடலாம்.

லிப்ட்காரர், முடி வெட்டுகிறவர், ரத்த அழுத்தம் பார்க்கிற நர்ஸ், யார் கிடைத்தாலும் ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்பார். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நகர்ந்துவிடுவார். பதில் வந்துவிட்டால் அதற்கு ஏதாவது செய்யவேண்டி வருமே!

இன்னொரு பழக்கம் இதைவிட அழகு. எந்தக் காகிதத்திலும் எடுத்தவுடன் கையெழுத்துப் போடமாட்டார். ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பிவிடுவார். பேசலாம் என்று போனால் அறையில் ஆள் இருக்கமாட்டார், எங்காவது மேடையில் பேசிக்கொண்டிருப்பார்.

அந்த அலுவலகத்தில் அவருடைய உரைகளையெல்லாம் அடித்துக் கொடுப்பது ஒரு டைப்பிஸ்ட் அம்மாள். ஒன்பது வருடத்துக்கு முன், கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, கல்லூரியில் இரண்டு வருடம் முடித்தவள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, மூன்றாம் வருடத்தில் அப்பா படுத்துவிட்டார், படிப்பும் படுத்துவிட்டது. பத்து வருடத்துக்குள் திரும்பி வந்து சேராவிட்டால் அந்த இரண்டு வருடமும் செல்லாது என்பது பல்கலைக்கழக விதி. ஆக, இதுதான் கடைசி வருடம். மாலை வகுப்புக்கு நாலரைக்குக் கிளம்பவேண்டும். காலையில் அரைமணி முன்னதாக வந்து ஈடு கட்டுகிறேன் என்று எழுதி, தடையில்லாச் சான்று கேட்டிருந்தாள். வேண்டியது தலைவரின் ஒரே ஒரு கையெழுத்து. எட்டாவது படிக்கிற மகள் பள்ளிப் படிவத்தில் தாயின் படிப்பு என்ற கட்டத்தை வருடா வருடம் காலியாக விட்டுக்கொண்டு வந்ததும், என்ன எழுதட்டும்மா என்று கேட்பதையே இந்த வருடம் நிறுத்திவிட்டதும் அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

ஆறு வாரத்தில் அவள் விண்ணப்பத்தின் ஓரத்தில் நான்கு ‘பேசவும்’ சேர்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு சேர்க்கை முடிகிறது. அதே வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மாநில மாநாடு, தலைவர்தான் முக்கியப் பேச்சாளர். மூன்று மணிக்கு உரையையும் அதன் அடியில் தன் விண்ணப்பத்தையும் வைத்துக்கொண்டு மேசை முன்னால் நின்றாள். அவர் நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டார். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இரண்டு லட்சம் பேர் என்று அதில் இருந்தது. கணக்கு சரி, ஆனால் கேட்கிறவன் மனசு உருகவில்லையே, ரத்தமும் சதையுமாக ஓர் ஆள் வேண்டுமே என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்த இரண்டு லட்சம் பேரும் எங்கேதான் இருக்கிறார்களோ என்று பெருமூச்சும் விட்டார்.

அவள் சொன்னாள், "அதுல ஒருத்தி உங்க முன்னாடிதான் நிக்கிறேன் சார். அஞ்சு மணிக்குள்ள உங்க கையெழுத்து வேணும். இல்லேன்னா என் படிப்பு இன்னியோட போச்சு."

அவர் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, அந்த மனிதருக்கு அது ஒரு வரம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"அருமைம்மா. இதை அப்படியே நாலாம் பக்கத்துல சேத்துடு. சீக்கிரம்."

சேர்த்தாள். வேறென்ன செய்வாள், வேலையும் வேண்டுமே! அவள் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் அவர் விண்ணப்பத்தையும் மற்ற காகிதங்களோடு அள்ளிப் பையில் வைத்து, புதுப் பக்கத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டே காரில் ஏறிவிட்டார். மாநாட்டில் அந்த வரியைக் குரல் நடுங்கச் சொன்னாராம். முதல் வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம், கைதட்டல் அடங்கவே இல்லையாம். அந்த நேரத்தில் பல்கலைக்கழகக் கவுன்டரின் சின்ன ஜன்னலை உள்ளே இருந்து சாத்தினார்கள். அவள் அதன் முன்னால் வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு, விண்ணப்பத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டு, வாழ்த்தும் சொல்லி நீட்டினார். தேதி போய்விட்டது என்று அவள் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, இதெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதா?"

இப்போது நீங்கள் அவரைத் திட்டுகிறீர்கள். நன்றாகத் திட்டுங்கள், தகும். அப்படியே உங்கள் வீட்டில் சமைக்கிற பெண், போன மாசம் பரீட்சை எழுத மூன்று நாள் லீவு கேட்டாளே, அவளுக்கு என்ன சொன்னீர்கள்? விருந்தாளி வருகிற நேரம், அடுத்த வருடம் எழுதினால் போயிற்று, பரீட்சை எங்கே ஓடிவிடப் போகிறது என்று ஒரு குரல் கேட்டதாம். அது உங்கள் குரல் இல்லையா? சரி, நம்புகிறேன். நம்முடைய தலைவரும் இன்றைக்குவரை தன் கையால் ஒருவர் படிப்பும் நின்றதில்லை என்றுதான் சத்தியம் பண்ணுகிறார்.