இயந்திரத்துக்கு நாள் பார்த்தார்கள்

இயந்திரத்தைத் தொட மாட்டோம் என்று எட்டு ஆண்களும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

உள்ளே, தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் புத்தம் புதிய இயந்திரம் பளபளத்தது. அதை ஓட்டக் கற்றுத்தர கோயம்புத்தூரிலிருந்து வந்த பயிற்சியாளர் நந்தகோபால், கையில் ஸ்பேனரோடு காத்திருந்தார். வெளியே, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்லும் அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் சங்கரபாண்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே சுடலைமாடா, உள்ள போலே!"

"மணி எட்டு அண்ணாச்சி. திங்கக்கிழமை ஏழரை ஒம்பது ராகுகாலம். கை போச்சுன்னா நீங்களா தருவிய?"

எண்பத்து மூன்றாம் ஆண்டு அது. கோவில்பட்டிக்கு அரசு கொடுத்த இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரத்தை ஆளத் தெரிந்த கைகள் வரவில்லை. அந்தக் கைகளை உருவாக்கத்தான் ஒரு மாதப் பயிற்சித் திட்டம். மாத முடிவில் சென்னையிலிருந்து அதிகாரி வந்து சோதிப்பார். எட்டுப் பேர் தேறினால் இயந்திரம் இங்கே நிலைக்கும். தவறினால் சாத்தூருக்குப் போய்விடும்.

"மெஷின் சாத்தூருக்குப் போச்சுன்னா, அதே லாரியில நீயும் ஏறிக்கோ" என்று முதலாளி தங்கப்பாண்டியன் சங்கரபாண்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

சங்கரபாண்டி யோசித்தார். ராகுவை வெல்ல, ராகுவின் ஏஜெண்டையே அழைப்பதென்று முடிவு செய்தார். மார்க்கெட் பக்கம் கடை போட்டிருந்த ஜோசியர் பரமசிவன் வந்தார். அவரைக் கேட்காமல் முதலாளி முடிகூட வெட்டிக்கொள்வதில்லை.

பரமசிவன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "ஒம்பதுலருந்து பத்தரை தேவலை. அதுக்கு மேல எமகண்டம். மத்தியானம் குளிகை."

"ஒன்றரை மணி நேரமாச்சும் கிடைச்சுதே!"

"அவசரப்படாதியும். இவனுவ என்னென்ன ராசி?"

எட்டுப் பேருக்கும் எட்டு ராசி. ஒருவனுக்கு உகந்த நாள் இன்னொருவனுக்குச் சந்திராஷ்டமம். எட்டுப் பேரும் சேர்ந்து கற்றால்தான் பயிற்சி. எட்டுப் பேருக்கும் சேர்ந்து விடிந்தால்தானே! பூமி சுற்றியது, சந்திரன் சுற்றியது, இயந்திரத்தின் சக்கரம் மட்டும் சுற்றவில்லை.

"வேற வழியே இல்லையா ஓய்?" என்று கெஞ்சினார் சங்கரபாண்டி.

"மெஷின் மேற்கப் பாத்து நிக்கில்லா? இவனுவ கிழக்கப் பாத்து நடந்து போகணும். திங்களும் சனியும் கிழக்க சூலம். திருப்பி வையும்."

கடப்பாரை கொண்டு இயந்திரத்தைத் திருப்பினார்கள். இயந்திரம் திரும்பியது, மோட்டார் திரும்பவில்லை, இரண்டையும் பிணைத்த பெல்ட் அறுந்து ஓரமாய் விழுந்தது. சரிசெய்வதற்குள் ஒரு வாரம் ஓடிப்போயிற்று.

அடுத்ததாகப் பரிகாரம். ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். சந்தனம் காய்ந்து சிமெண்டாயிற்று. எண்ணெய் கேட்ட இயந்திரத்துக்கு இந்நாட்டார் அபிஷேகம் செய்தார்கள். அது கல்லாய்ச் சமைந்து அருள்பாலித்தது.

"பரிகாரம் பண்ணின மெஷினு. மூணு நாளைக்கு இந்த எட்டுப் பேரு கையும் படப்படாது" என்றார் பரமசிவன்.

நந்தகோபால் பொறுமை இழந்தார். "ஏனுங்க மேனேஜரு, நான் யாருக்குத்தான் சொல்லிக் குடுக்கறது? செவுத்துக்குங்களா?"

"உமக்குத்தான் தினப்படி வருதுல்லா? சும்மா இரும்."

"சந்தனத்தைச் சுரண்டவாச்சும் ஆள் அனுப்புங்க."

"கொட்டகைப் பொம்பளையள அனுப்புதேன்."

"அவங்களுக்கு ராகுகாலம் இல்லீங்களா?"

"கூட்டிப் பெருக்குறதுக்கு என்னய்யா ராகுகாலம்?"

துடைப்பத்துக்கு நாள் நட்சத்திரம் பார்க்கும் வழக்கம் இந்த நாட்டில் எந்நாளும் இருந்ததில்லை. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் வந்து, கொட்டகையில் அமர்ந்து, கையாலே குச்சி அடுக்கும் பெண்கள் அவர்கள். அவர்களுடைய வேலையை விழுங்கத்தான் இயந்திரம் வந்திருந்தது. அதை ஓட்டும் பயிற்சிக்கு அவர்கள் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை. சுரண்ட மட்டும் கூப்பிட்டார்கள், அவர்களும் வந்தார்கள்.

மாதம் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டுப் பேரும் வரட்டும். நான் மணியாச்சிக்குப் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும்."

எட்டுப் பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகுகாலம்யா" என்றான் சுடலைமாடன். "பன்னிரண்டுக்கு மேல வாங்க, ஜம்முன்னு ஓட்டிக் காட்டுதோம்."

"ராகுவுக்காக ரயில் நிற்குமா?" என்றார் அதிகாரி.

முதலாளி பல்லைக் கடித்தார். "சங்கரபாண்டி, லாரிக்குச் சொல்லிவிடட்டா?"

சங்கரபாண்டியின் கண்முன் சாத்தூர்ச் சாலை நீண்டு கிடந்தது. அப்போது கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"தள்ளுங்க அண்ணாச்சி. கதவு மாதிரி நிக்கிய."

கொட்டகையில் குச்சி அடுக்கும் பத்திரகாளி. அவள் பின்னால் ஏழு பெண்கள், முந்தானையை இழுத்துச் செருகியபடி.

"ஏட்டி, நீங்க எங்க போறிய?" என்று அலறினான் சுடலைமாடன். "ராகுகாலம்ட்டி!"

"நீங்க ராகுவுக்குக் காவலு இருங்க. நாங்க மெஷினப் பாக்கோம்."

அந்த ஏழு பேரில் ஒருத்தியான ஆவுடைத்தாய் விசையை அழுத்தினாள். இயந்திரம் முழங்கியது. ஒருத்தி குச்சியைக் கொட்டினாள். ஒருத்தி சட்டத்தை நுழைத்தாள். வரிசை வரிசையாய்க் குச்சிகள் நிமிர்ந்து நின்றன. நடுவில் ஒரு சட்டம் சிக்கியது. எட்டு ஆண்களும் "பாத்தியளா!" என்று ஒரே குரலில் மகிழ்ந்தார்கள். ஆவுடைத்தாய் மோட்டாரை நிறுத்தி, திருகாணியைத் தளர்த்தி, சட்டத்தை உருவி மாற்றி, மறுபடி ஓடவிட்டாள். ஆண்களின் மகிழ்ச்சி அதோடு நின்றது, இயந்திரம் நிற்கவில்லை.

தலைமுறை தலைமுறையாய் அடுப்பையும் துடைப்பத்தையும் மட்டுமே நம்பி ஒப்படைத்தார்களே, அந்தக் கைகளின் கீழ் இரும்பு பணிந்து ஓடியது. ராகு வரவில்லை. கேதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

"எட்டுப் பேரும் தேர்ச்சி" என்றார் அதிகாரி. "இயந்திரம் இங்கேயே இருக்கும்."

கொட்டகையிலிருந்து எழுந்த குலவை பஜார் வரைக்கும் கேட்டிருக்கும்.

சங்கரபாண்டி பெண்களிடம் ஓடிவந்தார். "ஏ பத்திரகாளி... எப்பம் படிச்சிய?"

"நீங்க நேரஞ்சரியில்லன்னு வெளிய போன நேரமெல்லாம்."

நந்தகோபால் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "சொல்லிக் குடுக்கத்தானுங்க வந்தேன். வந்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"இன்னொண்ணு முதலாளி" என்றாள் பத்திரகாளி. "மெஷின் ஆளுக்குன்னு இவியளுக்கு என்ன கூலி பேசினியளோ, அது எங்களுக்கு."

அதிகாரியின் முன்னால் முதலாளியால் தலையசைக்கத்தான் முடிந்தது. பெண்கள் மறுபடியும் குலவையிட்டார்கள்.

தோற்ற கோபத்தைக் கொட்ட ஓர் இடம் தேடிய முதலாளி, ஓரமாய் நின்ற ஜோசியர் மேல் பாய்ந்தார். "ஓய் பரமசிவன்! உம்ம பேச்சைக் கேட்ட எட்டு ஆம்பளையளும் வெளிய நிக்கானுவ. கேக்காத எட்டுப் பொம்பளையளும் செயிச்சிட்டாளுவ. மாசம் பூராவும் கெட்ட நேரம், கெட்ட நேரம்னு சொன்னீரே, எதுக்குவே சொன்னீரு?"

பரமசிவன் பஞ்சாங்கத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"கெட்ட நேரம்னு சொன்னாத்தான முதலாளி இவனுவ வெளிய போவானுவ, எம் மவ ஆவுடைத்தாய் பின்ன எப்பம் படிக்க?"