பாலத்துக்காக நின்றவன்

மக்களாட்சி ஏதென்ஸில் பிறந்தது என்கிறார்கள். இருக்கட்டும். அது வளர்ந்து ஆளாகி முழு அறிவு பெற்றது பென்சில்வேனியாவில், ஷேல் கிரீக் என்னும் ஊரில்தான். அங்கே அரசியல் பேசாத வாய் கிடையாது. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதுகூட யாராவது இரண்டு பேர் வரிக் கொள்கை பற்றி முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தகைய ஊரில்தான் வெண்டல் ஸெர்பி ஒரு பாலத்துக்காகத் தேர்தலில் நின்றான்.

வெண்டல் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். அவன் வீடு ஓடைக்கு அக்கரையில். ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை இக்கரையில். நடுவிலிருந்த பாலம் இற்றுப்போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. ஊராட்சி உறுப்பினர் ஆர்லன் மோயர் சும்மா இருக்கவில்லை. 'பாலம் மூடப்பட்டுள்ளது' என்று இருட்டில் ஒளிரும் பலகை ஒன்றை உடனே நட்டார். போன வருடம் அதற்குப் புது வர்ணமும் அடித்தார்.

இதற்குப் பிறகும் அவரை எதிர்த்து நிற்பது நன்றிகெட்டதனம்தான். ஆனால் வெண்டலின் மனைவி கோரினுக்குப் பிப்ரவரிக் கடைசியில் பிரசவம். பாலம் இருந்தால் ஆஸ்பத்திரி கால் மணி நேரம். இல்லாவிட்டால் மலையைச் சுற்ற வேண்டும். பனி பெய்தால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மாவட்ட நிர்வாகம் தற்காலிக இரும்புப் பாலம் ஒன்றை இனாமாகவே தரத் தயாராக இருந்தது. ஊராட்சியின் மூன்று உறுப்பினர்களில் இரண்டு பேர் கை தூக்கினால் போதும். ஒருவர்தான் தூக்கியிருந்தார். பாலம் வந்துவிட்டால் பலகையை என்ன செய்வது என்பது ஆர்லனின் 'கொள்கை ரீதியான' கேள்வி.

அது இடைப்பட்ட வருடம். ஜனாதிபதி தேர்தல் கிடையாது, ஆளுநர் தேர்தலும் கிடையாது. மாநில நீதிபதிகள், மாவட்டத்துப் பிணப் பரிசோதனை அதிகாரி, ஊராட்சி உறுப்பினர் என்று சில்லறைப் பதவிகள் மட்டுமே. வெண்டல் வீடு வீடாகப் போய்ப் பாலத்தைப் பற்றிச் சொன்னான். பக்கத்து வீட்டு டார்லா ஹெப்னர் பொறுமையாகக் கேட்டாள்.

"பாலம் கெடக்கட்டும்ப்பா. எல்லையப் பத்தி உன் நிலைப்பாடு என்ன?"

"எந்த எல்லை, டார்லா?"

"தெற்கு எல்லை."

"நம்ம ஊரு தெற்கு எல்லையில உங்க மாட்டுக் கொட்டகைதான இருக்கு."

"பாத்தியா, மழுப்புற."

அடுத்த வீட்டில் நாட்டின் எல்லையையும் தாண்டி, பசிபிக் கடலில் நிற்கும் நீர்மூழ்கிகளைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டில் எதுவுமே கேட்கவில்லை. அவன் தொப்பியின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அது பேருந்து ஓட்டுநர்களுக்குக் கொடுத்த தொப்பி.

வாக்குப் பதிவன்று தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் வழக்கம்போல் கோழி சோளச் சூப் காய்ச்சினார்கள். இடைப்பட்ட வருடத்தில் சூப்புக்கு வருகிறவர்கள் வாக்குப் போடாமல் அப்படியே திரும்பிவிடுவது மரபு. இந்தத் தடவை வாக்குப் போடும் வரிசை வாகன நிறுத்தம் வரை நீண்டது. வெண்டலுக்கு நெஞ்சு நிறைந்தது.

டார்லாதான் முதலில் வாக்குச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாஷிங்டனில் இருக்கும் தன் தலைவரின் பெயரைத் தேடினாள்.

"அவரு பேரு எங்க?"

"இந்த வருஷம் அவரு நிக்கலம்மா," என்றார் தேர்தல் அதிகாரி.

"நிக்கலையா, நிக்க விடலையா?"

இந்தக் கேள்வி வரிசையின் கடைசி ஆளைப் போய்ச் சேர்வதற்குள் சதியாக வளர்ந்துவிட்டது. அப்போதுதான் யாரோ சீட்டில் ஊராட்சி உறுப்பினர் பதவிக்கு அடியிலிருந்த வெற்றுக் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். விருப்பமான பெயரை அதில் எழுதிப் போடலாம், சட்டமே அனுமதிக்கிறது. டார்லாவின் கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர் பெயரை எழுதினார்கள். அதைக் கேள்விப்பட்ட எதிர்க்கட்சிக்காரர்கள் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து தங்கள் தலைவர் பெயரை எழுதினார்கள்.

முடிவு வரலாறு காணாதது. ஷேல் கிரீக் ஊராட்சிக்கு உலகப் புகழ் பெற்ற ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு ஷேல் கிரீக் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அவருடைய பரம எதிரி இரண்டாம் இடம். வெண்டல் ஆர்லனை இரு மடங்கு வாக்குகளில் வீழ்த்தி, மூன்றாம் இடத்தைக் கைப்பற்றினான். ஒரு தரப்பு வாண வேடிக்கை விட்டது. மறு தரப்பு மறு எண்ணிக்கை கேட்டது. இரு தரப்பும் வெண்டலின் முதுகைத் தட்டி, நல்ல போட்டி கொடுத்ததாகப் பாராட்டின.

வென்றவர் ஊரில் குடியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு மூலையில் இருந்தது.

"அதுக்கென்ன, இங்க வந்து குடியிருக்கச் சொல்லுவோம்," என்றாள் டார்லா. "வாஷிங்டன்ல இருக்கறது நம்ம ஊர்ல என்ன இல்ல?"

"பாலம்," என்றான் வெண்டல்.

வெற்றி செல்லாது என்றானது. அடுத்து வந்தவருக்கு அதைக் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை. இடம் காலி. மீதி இரண்டு உறுப்பினர்களும் கூடி, ஊரில் அமைதி நிலவ வேண்டுமானால் அனுபவசாலி ஒருவரை நியமிப்பதே முறை என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பதவியில் அனுபவமுள்ளவர் ஊரில் ஒருவர்தான். ஆர்லன் பணிவோடு ஏற்றுக்கொண்டார்.

பிப்ரவரிக் கடைசியில் பெரும் பனி பெய்தது. பனியில் கார் நகராது என்று வெண்டல் பள்ளிப் பேருந்தை எடுத்தான். குழந்தை மலைக்கு அந்தப் பக்கம் போகும்வரை காத்திருக்கவில்லை. மஞ்சள் பேருந்தின் மூன்றாவது இருக்கையில் பிறந்தது. பெண். தாயும் சேயும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ, ஊராட்சி செய்ததில்லை.

பார்க்க ஊரே வந்தது. அக்கரையில் இருந்தவர்கள் நடந்தும், இக்கரையில் இருந்தவர்கள் மலையைச் சுற்றியும், கையில் மக்ரோனித் தட்டுகளோடு வந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் பாலத்தைத் திட்டினார்கள். கட்சி வேறுபாடே இல்லை.

டார்லா குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு கண் கலங்கினாள். "அநியாயம். பாலத்துக்குன்னு ஒரு ஆளு தேர்தல்ல நின்னா நாங்க போட மாட்டமா?"

"நின்னாரே," என்றாள் கோரின். "அதோ காப்பி ஊத்திட்டிருக்காரு பாருங்க, அவருதான்."

டார்லா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

"யாரு, வெண்டலா? அவன் நம்ம வெண்டல்தான?"

கோரின் இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

ஷேல் கிரீக் மக்கள் தாங்கள் நம்பிய தலைவரை ஒருநாளும் கைவிட்டவர்களில்லை. அவர் நூறு மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் குடியிருந்தது வெண்டலின் குற்றம்.