சூப் சூடா இருக்கு, சார்

மூன்று வசனத்தில் முதல் வசனத்தைக் காணோம். நேற்றுவரை இருந்தது. இன்று காலை ஒத்திகைக்கு வந்து பார்த்தால், அதன்மேல் டைரக்டரின் நீலப் பென்சில் குறுக்கே ஓடியிருந்தது.

"வாங்க சார், உக்காருங்க" என்பதுதான் அந்த வசனம். ஓட்டல் சர்வராக வரும் மோர்ட்டி பின்ஸ்கருக்கு அது போனால் பாக்கி இரண்டு.

"நேரம் இடிக்குது மிஸ்டர் பின்ஸ்கர்," என்றான் டைரக்டர் ராட்னி. மீசை சரியாக முளைக்காத வயது. "நேரடி ஒளிபரப்பு. சொன்ன நேரத்துக்கு முடிச்சாகணும்."

இடித்தது நேரமில்லை, நிகழ்ச்சியின் நாயகன் கிளைட் ஹாலரன் என்பது பின்ஸ்கருக்குத் தெரியும்.

இருவரும் ஒரு காலத்தில் வாடெவில் என்ற பல்சுவை மேடையில் ஜோடி. குரங்கு வித்தைக்காரனுக்கும் வாள் விழுங்குகிறவனுக்கும் நடுவே இவர்கள் கோமாளித்தனம். ஹாலரன் கேள்வி கேட்பார். பின்ஸ்கர் ஏடாகூடமாகப் பதில் சொல்லி, சுருட்டிய செய்தித்தாளால் மண்டையில் அடி வாங்குவார். பஃபலோ முதல் ஸ்போகேன் வரை சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பேசும் படம் வந்ததும் ஸ்டூடியோக்காரர்கள் ஹாலரனை மட்டும் கூப்பிட்டார்கள். அவரும் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

பின்ஸ்கரும் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார். டாக்ஸி டிரைவர், இரண்டாவது போலீஸ்காரர், சவப்பெட்டி வியாபாரி என்று கணக்கில்லாத படங்கள். தெருவில் பார்க்கிறவர்கள், "உங்களை எங்கியோ பாத்திருக்கேனே, பல் டாக்டர்தானே நீங்க?" என்பார்கள். ஒரே ஒரு படத்தில்தான் கேமரா அவர் முகத்தில் ஆற அமர நின்றது. அதில் அவர் பிணம்.

இப்போது டெலிவிஷன். ஹாலரன் நிகழ்ச்சி என்று தெரிந்ததும் மறுத்திருக்கலாம். வந்த வேலையை மறுத்துப் பழக்கமில்லை.

நேரம்தானே பிரச்சினை? அடுத்த வசனத்தை அவர் ரயில் வேகத்தில் விட்டார். "என்னசாப்பிடறீங்கசார்?"

ஹாலரன் மெனு அட்டையைப் பிடித்தபடி அவரையே முறைத்தார். பதில் பேசவில்லை. பிறகு ராட்னியை ஓரமாகக் கூப்பிட்டுக் காதைக் கடித்தார்.

நீலப் பென்சில் மறுபடி வந்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று. அதையாவது யாரும் தொட முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று பின்ஸ்கர் தீர்மானித்தார். சூப் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். எட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். சாகப்போகிறவனைப் பார்ப்பதுபோல ஹாலரனைப் பரிதாபமாகப் பார்த்தார். "சூப்... சூடா இருக்கு, சார்."

விளக்குக்காரன் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. ராட்னிகூடச் சிரித்துவிட்டான். ஹாலரன் வாயைத் திறந்தார், மூடினார். நாப்கினை மேஜையில் வீசினார்.

"அதையும் எடுத்துடு."

பின்ஸ்கர் நேராக ஹாலரனின் ஒப்பனை அறைக்குள் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். "ஏண்டா கிளைட், ஒரு வசனம்கூட விட்டுவைக்க மாட்டியா?"

ஹாலரன் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "நீ ஒண்ணும் பேச வேணாம் மோர்ட்டி. பக்கத்துல நின்னா போதும்."

"கோட்டு மாட்டற ஸ்டாண்டுகூடத்தான் பக்கத்துல நிக்கும்."

ஹாலரன் ஏதோ சொல்ல வந்தார். பிறகு, போ என்று கையை ஆட்டினார்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. ஹாலரன் நாயகியிடம் காதலைச் சொல்லும் காட்சி. பக்கத்தில் கிண்ணத்தோடு பின்ஸ்கர், ஊமையாக.

"உங்கப்பா என்னை மொதல்ல பாத்தப்ப..." என்று ஆரம்பித்த ஹாலரன் அப்படியே நின்றார்.

அரங்கம் காத்திருந்தது. நாயகி காத்திருந்தாள். ஹாலரன் மெதுவாகத் தலையைத் திருப்பி, புருவத்தைத் தூக்கி, பின்ஸ்கரைப் பார்த்தார்.

அந்தப் பார்வை பின்ஸ்கருக்குப் பரிச்சயம். செய்தித்தாளைச் சுருட்டுவதற்கு முன்னால் வருகிற பார்வை. வாயையும் கட்டிவிட்டு, ஊரே பார்க்க மறுபடி என்னை மட்டம் தட்டப் பார்க்கிறானா?

கிண்ணத்தை நிதானமாகச் சாய்த்தார். நூடுல்ஸ் சூப் முழுவதும் ஹாலரனின் மடியில் இறங்கியது.

கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ஹாலரன் மடியைப் பார்த்தார். எழுந்தார். செட்டில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாதவர்போலச் சுவரைத் தடவி, ஒருவழியாக வெளியே போனார். அதற்கும் சிரித்தார்கள். ராட்னி அவசரமாகச் சோப்பு விளம்பரத்துக்கு மாற்றினான்.

பின்ஸ்கரை எல்லோரும் முதுகில் தட்டினார்கள். வாழ்நாளில் முதன்முறையாக, அடித்தவராக அவர் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்தார். இங்கே எல்லோருக்கும் ஒப்பனை போடும் டோலரஸ் அவர் முகத்துப் பவுடரைத் துடைக்க வந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"என் மூணு வசனத்தையும் முழுங்கினானே," என்றார் பின்ஸ்கர், கண்ணாடியில் தன்னைப் பார்த்து ரசித்தபடி. "சூப்பையும் குடிக்கட்டுமேன்னு விட்டேன்!"

டோலரஸின் கை நின்றது.

"மூணுக்கும் அவர் பதில் சொல்லணுமே சார், இப்பல்லாம் எதுவும் அவர் மண்டையில தங்கறதில்ல, 'நான் நடுவுல மறந்து முழிச்சா மோர்ட்டி ஒருத்தன்தான் எடுத்துக் குடுப்பான், அவனையே போடுங்க'ன்னு கெஞ்சித்தானே உங்களை வரவழைச்சார்?"