கல் இல்லாத குடும்பம்

மாப்பிள்ளை வீட்டு வண்டி அயனம்பாக்கம் ஏரிக்கரையில் திரும்புகிற நேரம் பார்த்து, பரந்தாமனின் இடுப்புக்குள் கல் புரண்டது. வலி விலாவில் பிடித்து அடிவயிற்றுக்கு இறங்கியது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தார்.

கல் இருப்பதைக் கண்டுபிடித்தவர், வெள்ளைக்காரனிடம் படித்துவிட்டு வந்த பூந்தமல்லி டாக்டர். விலாவில் ஒரு குத்து விட்டார், பரந்தாமன் கத்தினார். மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி வெளிச்சத்தில் காட்டி, ரத்தம் கலந்திருக்கிறது, உள்ளே கல் என்றார். குத்தினால் எவனும்தான் கத்துவான், அதற்கு ஒரு படிப்பா என்று பரந்தாமன் நினைத்துக்கொண்டார். குடம் குடமாய்த் தண்ணீர் குடி, போகும்போதெல்லாம் வெள்ளைத் துணியில் வடிகட்டு, கல் விழுந்தால் கொண்டுவந்து காட்டு என்று டாக்டர் சொல்லியனுப்பினார். என் கல் அந்தாளுக்கு எதற்கு என்பதும் பரந்தாமனுக்கு விளங்கவில்லை.

கல்லை விட அவர் பயந்தது ஊர் வாய்க்குத்தான். அப்பனுக்குக் கல் என்றால் பெண்ணுக்கும் வரும், பேரனுக்கும் வரும் என்று சொல்லி, வேலப்பன்சாவடிக்காரர்கள் போன மாசம்தான் அவர் மகள் வடிவை வேண்டாம் என்றார்கள். இந்த நெமிலிச்சேரி இடமும் தட்டிப்போனால் வேறு இடமே இல்லை.

"பல்லைக் கடிச்சிகினு ஒரு நாழி குந்துய்யா. இதைக் குடி, அடங்கிடும்," என்று அவர் மனைவி பூங்காவனம் ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாற்றை நீட்டினாள்.

வலி அடங்கவில்லை. மூத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா அய்யாசாமி பாயில் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் பரந்தாமன் எழுந்தார். மாடு கன்று போடுகிற நேரம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

"நானும் வரேன் அண்ணாத்தே," என்று அய்யாசாமியும் கூடவே கொல்லைக்கு வந்துவிட்டார்.

கொல்லையில் நின்றது ஒரு கிழ எருது. கன்று போடுகிற மாடு எங்கே என்றார் அய்யாசாமி. மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்றார் பரந்தாமன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அய்யாசாமி வேலியோரமாய்ப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். ஆள் வேவு பார்க்கிறான் என்று பரந்தாமன் முடிவு கட்டினார்.

பரந்தாமன் கையிலிருந்த வெள்ளைத் துணி எதற்கு என்று அடுத்த கேள்வி வந்தது. தேன் வடிகட்ட என்று வாய் உளறிவிட்டது. அப்படியானால் கொஞ்சம் தேன் கொடுங்கள் என்றார் அய்யாசாமி. தேனுக்கு எங்கே போவது? பூங்காவனம் மிச்சமிருந்த வாழைத்தண்டுச் சாற்றில் வெல்லத்தைக் கரைத்துக் கொண்டுவந்தாள். அய்யாசாமி ஒரு மடக்குக் குடித்தார், நிறுத்தினார், பரந்தாமனை உற்றுப் பார்த்தார், பிறகு ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

அதற்கப்புறம் ரெண்டு பேரும் மாறி மாறி எழுந்து ஓடினார்கள். வடிவு தாம்பூலத் தட்டோடு வந்து நின்றபோது பாயில் ஆண்பிள்ளை என்று இருந்தது மாப்பிள்ளை ஒருவர்தான்.

கடைசியில் கொல்லையில் வைத்து அய்யாசாமி பரந்தாமனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாத்தே, மறைக்காம சொல்லு. உனக்குக் கல்லு கீதா?"

போச்சு, பெண்ணின் வாழ்வு போச்சு. பரந்தாமன் அவரை உள்ளே இழுத்துப் போய், சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, எல்லார் எதிரிலும் உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"எனக்கு இல்ல. எங்க வம்சத்துலயே எவனுக்கும் கல்லு வந்ததில்ல. இது சத்தியம்."

சொன்ன கையோடு கல் உள்ளே ஒரு புரட்டு புரட்டியது. நிமிர்ந்து நின்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெண்ணைப் பெற்ற பாசம் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அய்யாசாமியின் முகம் தொங்கிவிட்டது. தாம்பூலத்தைத் தொடவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று முனகிவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பரந்தாமனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரர் சாதுல்லாவை ஓரமாய் அழைத்து, சத்தியம்கூடப் பண்ணிவிட்டேனே, இன்னும் என்ன குறை கண்டார் உங்கள் ஆள் என்று கேட்டார்.

சாதுல்லா தலையைச் சொறிந்தார். "அவருக்குக் கல்லுன்னு நாலு ஊட்டுல வேணாம்னுட்டாங்க நைனா. உங்களுக்கும் கீதுன்னு கேள்விப்பட்டுத்தான் ஆசையா இங்க வண்டி கட்டச் சொன்னாரு."