இடது பக்கம், இரண்டடி

"இடது. ரெண்டடி," என்றாள் மனைவி மார்வா, பைனாகுலரை இறக்காமல்.

புல்லில் குப்புறப் படுத்திருந்த வெர்லின் நோட்டில் குறித்துக்கொண்டான். பத்து குண்டில் பத்தும் தகட்டுக்கு இடது, இரண்டடி.

"எல்லாம் ஒரே இடத்துலதான் விழுது. ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தே மூடிடலாம். துப்பாக்கி மேல குறி பார்க்கற அந்த ஸ்கோப் திருகை வலது பக்கம் கிளிக் கிளிக்னு கொஞ்சம் திருப்பினா தகட்டுல பட்டுட்டுப் போகுது."

"அது ஏமாத்து வேலை. ஸ்கோப் சரியாத்தான் இருக்கு. தப்பு என்கிட்ட," என்றான் வெர்லின்.

"அதுல எனக்கும் சந்தேகம் இல்ல."

வெர்லின் அமெரிக்காவில், வயோமிங்கில் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக். அக்டோபர் வந்தால் மச்சான் டாரெல், மார்வாவின் மாமா எல்டன், இன்னும் இருவருடன் எல்க் மான் வேட்டைக்கு மலையேறுவான். முதல் நாள் ஆளுக்கு ஒரே குண்டு. அறுநூறு கஜத்துக்கு அப்பால் ஓர் இரும்புத் தகடு. தவறவிட்டவன் ஒன்பது நாளும் சமையல்.

பதினோரு வருஷமாக வெர்லினின் குண்டு தகட்டுக்கு வலது பக்கம் இரண்டடி தள்ளிப் போனது. பதினோரு வருஷ வேட்டையில் அவன் உரித்தது வெங்காயம் மட்டும்தான்.

இந்த ஜனவரியில் தானே கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தான். யாரிடமாவது கேட்டால் டாரெல் காதுக்குப் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் அதே தூரத்தில் தகடு நட்டு, முதல் நாளே பத்துக்குப் பத்து அடித்தான்.

"அதான் படுதே," என்றாள் மார்வா, உள்ளே போகலாம் என்ற நம்பிக்கையில்.

"இங்க படும். அங்க வலது பக்கம் போகும். நாலு பேர் பார்த்தாத்தான் வெளிய வர்ற வியாதி. வேரோட பிடுங்கணும்."

பிடுங்கினான். வீடியோ பார்த்து மூச்சை மாற்றினான்: பத்துக்கு எட்டு. விசையை இழுக்கும் விரலை மாற்றினான்: ஐந்து. காற்றின் போக்கு தெரிய மார்வாவின் படுக்கை விரிப்புகளை வழிநெடுகக் கொடியாகக் கட்டினான்: இரண்டு. கன்னத்தை வைக்கும் இடத்தையும் மாற்றினான். செப்டம்பரில் பத்தும் இடது பக்கம், ஒன்றுகூடப் படவில்லை. விரிப்பில் மட்டும் மூன்று ஓட்டை.

"வலது பக்கம் போறது நின்னுடுச்சு, பாத்தியா," என்றான் வெர்லின்.

மார்வா ஓட்டை வழியாக அவனைப் பார்த்தாள்.

அக்டோபரில் முகாமில் வண்டி நின்றதும் பழக்கதோஷத்தில் அவனே பாத்திரங்களை இறக்கினான். வந்து இறங்கும்போதும் ஊர் திரும்பும்போதும் துப்பாக்கிகளுக்குக் காவல் எல்டன் மாமாதான். காதை மூடாமல் ஐம்பது வருஷம் சுட்டதில் காது போனவர். அவர் ரகசியம் சொன்னால் அடுத்த பள்ளத்தாக்கில் மான் ஓடும்.

"மச்சான், ரொட்டிக்குப் புளிச்ச மாவு கொண்டுவந்திருக்கல்ல?" என்றான் டாரெல்.

"நான் இன்னும் சுடவே இல்ல."

"சும்மா கேட்டேன். ராத்திரியே பிசைஞ்சு வைக்கணுமேன்னு."

வெர்லின் படுத்தான். எட்டு மாதம் கற்ற எல்லாத் தப்புகளையும் வரிசையாகச் செய்தான். வெங்காயத்தை நினைத்துக்கொண்டு விசையை இழுத்தான்.

டிங்.

யாரும் கைதட்டவில்லை. அடுத்தது டாரெலின் முறை. இன்னும் வெர்லினையே பார்த்துக்கொண்டு சுட்டதில் அவன் குண்டு மலையிலேயே பட்டதா என்பது சந்தேகம்.

வெர்லின் சமையல் ஏப்ரனை மடித்து டாரெலின் கையில் கொடுத்தான். டாரெல் கடைசியாகச் சமைத்த வருஷம் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.

எல்டன் மாமா மெல்ல நகர்ந்து வந்து, டாரெலின் காதில் ரகசியமாகக் கேட்டார். மலையே கேட்டது.

"ஒன்பது நாளும் இனி உன் சமையலையாடா திங்கணும்? வருஷா வருஷம் செய்யற மாதிரிதானே அவன் ஸ்கோப் திருகை வலது பக்கம் பதினஞ்சு கிளிக் திருப்பி வச்சேன்!"