கழுத்துப் பட்டையும் கல்யாண மாப்பிள்ளையும்

கழுத்து என்று ஒன்று இருப்பதே பலருக்குச் சுளுக்கிக்கொண்டால்தான் ஞாபகம் வரும். எனக்கு அது எப்போதும் ஞாபகத்திலேயே இருக்கும். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. போதாததற்கு வேலையும் அப்படி அமைந்தது. தென்காசியில் ஒரு வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை நசுங்கிய கார்களின் புகைப்படங்களைப் பார்ப்பது. டீ குடிக்க ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மேலேயும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவனுக்கு நிச்சயமான பெண் செண்பகம். சுரண்டைக்காரி. அப்பா ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர். அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கார் கம்பெனியில், புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. (“கொற சொல்லுததுக்குச் சம்பளமா?” என்று என் அம்மாவுக்கு இன்றுவரை ஆச்சரியம்.) அந்தப் பக்கத்தில் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. சில நாட்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டி, தங்கள் காரைக் கொண்டுபோய் ஆசை தீர வேகமாக ஓட்டலாம். அதற்கு டிராக் டே என்று பெயர். ஆவணியில் கல்யாணம், அதற்கு முன்னால் ஆடியில் ஒரு டிராக் டே என்று அவளே முடிவு செய்து, என் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

“ஹெல்மெட்டும் கழுத்துக்குப் போடுத சாமானும் கட்டாயம் வேணும். ஒங்க தலையச் சுத்தி டேப்ப வச்சு அளந்து அனுப்புங்க, நானே வாங்கி வச்சிருதேன்” என்றாள் போனில்.

“அதெல்லாம் எங்கிட்டயே இருக்கு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பயம் அதிகமானால் என் வாய் என்னைக் கேட்காமல் தானாகப் பேசும். அன்றைக்கு அதோடு நிற்காமல், “குத்தால ரோட்டுல நா ஓட்டாத ஓட்டா?” என்றும் சேர்த்துக்கொண்டது. அவள் சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் நசுங்கிய கார். உள்ளே பார்த்தால் நான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹெல்மெட் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, போலீசுக்கா, தலைக்கா?”

“தலைக்குத்தான் அண்ணாச்சி. கார் ஓட்டும்போது போட.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “காருக்குத்தான் மேல கூரை இருக்கே. அவ்வளவு மோசமாவா ஓட்டுதிய?”

ஹெல்மெட் இறுக்கமாக இருக்க வேண்டும், கன்னத்தைப் பிடிக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பயந்தவன் புத்தி எப்படிப் போகும்? இறுக்கம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று கணக்குப் போட்டு, அளவுக்குச் சரியாக இருந்ததைத் தள்ளிவிட்டு அதற்குச் சின்னதை எடுத்தேன். போட்டதும் கன்னங்கள் இரண்டும் மூக்கை விசாரிக்க வந்துவிட்டன. “வலிக்கா தம்பி?” என்றார் அண்ணாச்சி. “நல்லா வலிக்கு, பேக் பண்ணுங்க” என்றேன்.

அடுத்தது கழுத்து. கழுத்துக்குப் போடுகிற சாமான் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில், கழுத்து வலிக்காரர்கள் கட்டிக்கொள்ளும் வெள்ளைப் பட்டையைக் கேட்டேன்.

“எலும்புத் தேய்மானமா சார்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“இல்ல, இனிமேத்தான்” என்றேன்.

கோயம்புத்தூருக்கு மறுநாள் கிளம்ப வேண்டும். செண்பகம் சுரண்டைக்கு வந்திருந்தாள். துணைக்கு அவள் அப்பா, அதாவது என் வருங்கால மாமாவும் கூட வருவதாக ஏற்பாடு. அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, ஒத்திகை பார்க்கக் காரை எடுத்தேன். இலஞ்சி தாண்டி, வயலுக்கு நடுவே போகும் ஒரு குறுகலான ரோடு. ஆள் நடமாட்டம் கிடையாது. முதலில் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினேன். அதற்கு மேல் பட்டையைச் சுற்றி ஒட்டினேன்.

தாடை மேலே தூக்கிக்கொண்டது. தென்னை மரங்களின் உச்சி பிரமாதமாகத் தெரிந்தது. ரோடுதான் தெரியவில்லை; கண்ணை மட்டும் கீழே உருட்டித் தேட வேண்டியிருந்தது. வெளியே நல்ல சாரல். நான் விட்ட மூச்செல்லாம் ஹெல்மெட்டின் கண்ணாடியில் பனியாகப் படிந்தது. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினேன். அதனால் இன்னும் பனி. சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். அந்த வேகத்துக்கே நான் பிரேக்கைத் தேடினேன்.

எதிரே டிராக்டர் வந்தது. டிரெய்லரோடு வந்ததால் ஓட்டியவரால் பின்னால் போக முடியாது; நான்தான் போக வேண்டும். ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டுத் தலையைத் திருப்பினேன். திரும்பவில்லை. பட்டை எதற்காகச் செய்யப்பட்டதோ அதை ஒழுங்காகச் செய்தது. கண்ணாடிகளில் பார்க்கலாம் என்றால் எங்கும் பனி. குத்துமதிப்பாகக் காலை அழுத்தினேன். கார் மெதுவாக, மிக மெதுவாக, பின்பக்கமாக வாய்க்காலுக்குள் இறங்கியது.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த பயம் விளையாட்டுப் பயமில்லை. முன்பக்கம் மேலே தூக்கி, கண்ணுக்கு வானம் மட்டும் தெரிந்தபோது, செத்தே போனேன் என்றுதான் நினைத்தேன். அம்மா தனியாகக் கிடப்பாளே என்று தோன்றியது. செண்பகத்திடம் கடைசியாகப் பேசியது ஒரு பொய் என்பதும் ஞாபகம் வந்தது.

டிராக்டர்காரர் ஓடிவந்து கதவைத் திறந்தார். “ஏ யய்யா!” என்று கத்தியவர், என் கோலத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார். “என்ன அண்ணாச்சி, அடிபடுததுக்கு முன்னாலயே கட்டுப் போட்டுட்டு வந்திருக்கிய!”

வயலில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தார்கள். காது இரண்டும் உள்ளேயே தங்கிவிடும் போலிருந்தது. “பட்டையத் தொடாதீய, கழுத்து தொங்கிரும்!” என்று ஒரு அம்மா சத்தம் போட்டார். இத்தனை பேர் சொல்லும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே முறிந்திருக்குமோ? முறிந்தால் உடனே தெரியுமா, இல்லை சாயங்காலம்தான் தெரியுமா? அதற்குள் யாரோ போனில் படம் எடுத்தார்கள். டிராக்டரில் கயிறு கட்டிக் காரை வெளியே இழுத்தார்கள். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. கழற்ற முடியாத ஹெல்மெட்டோடும் கழற்றப் பயந்த பட்டையோடும் வீடு வந்து சேர்ந்தேன்.

எனக்கு முன்னால் படம் வந்து சேர்ந்திருந்தது. குடும்பக் குரூப்பில் யாரோ, “மாப்பிள்ளைக்குக் கழுத்து முறிவு” என்று போட்டுவிட்டார்கள். அம்மா வாசலிலேயே அழுதாள். என்னைக் கட்டிலில் கிடத்தினார்கள். ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமுமாகச் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். (உடம்பு சரியில்லாதவருக்கு ரொட்டிதான் என்று எங்கள் ஊரில் யார் முடிவு செய்தார்களோ.) கடைசியில் மாமா வந்தார், விசாரணைக்கு வருகிற தோரணையில்.

“எங்கன வச்சு நடந்தது? எதுத்தாப்ல வந்தவன் நம்பரப் பாத்தியளா?” என்று கேட்டார். நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முனகினேன். “யாரும் அவரத் தொடாதீய. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. எம் சர்வீசுல எத்தன கேசு பாத்திருக்கேன்!” என்று எல்லோரையும் தள்ளி நிற்க வைத்தார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, “கல்யாணத்தத் தள்ளித்தான் வைக்கணும் மதினி. மால போடுததுக்குக் கழுத்து நிக்கணும்லா” என்றார்.

எனக்கு உள்ளே வியர்த்துக் கொட்டியது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கல்யாணம் போகும். ஆம்புலன்ஸ் வேறு வந்துகொண்டிருக்கிறது. வாயைத் திறக்கவும் பயம், மூடிக்கொண்டு கிடக்கவும் பயம்.

அப்போதுதான் செண்பகம் உள்ளே வந்தாள். முகமெல்லாம் அழுத அடையாளம். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தவள், அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு புது வண்டியைப் பார்ப்பது போல மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. பட்டையில் மருந்துக் கடை ஸ்டிக்கர்.

“எங்க வலிக்கி?” என்றாள் மெதுவாக.

“காது.”

“வேற?”

“வேற எங்கயும் இல்ல.”

“கை காலு மரத்துப் போன மாரி இருக்கா?”

“இல்ல.”

மாமா வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, அவள் பட்டையைப் பிரித்தாள். அதற்கு அடியில் விரலை விட்டாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். தாடை வார் பூட்டியபடியே பட்டைக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. இலஞ்சியிலிருந்து வீடு வரை அத்தனை பேரும் பூட்டைத் திறக்காமலே கதவை இழுத்திருக்கிறோம். ஓரங்களை இரண்டு பக்கமும் விரித்து, அவள் ஹெல்மெட்டை உருவினாள். காற்று பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால், “எனக்குப் பயமா இருக்கு செண்பகம். டிராக்க நெனச்சாலே பயமா இருக்கு. எங்கிட்ட ஒரு சாமானும் இல்ல. நேத்துத்தான் வாங்குனேன்” என்று கொட்டிவிட்டேன்.

ஒருவர் கொண்டுவந்த ரொட்டியை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“எனக்கும்தான் பயம்” என்றாள் அவள். “ஒவ்வொரு தடவையும் பெல்ட்ட நாலு மட்டம் இழுத்துப் பாப்பேன். பயம் இல்லாதவனோட நா கார்லயே ஏற மாட்டேன். ஆனா பயந்தா எங்கிட்டக் கேக்கணும்லா? தல அளவுதான கேட்டேன்?”

ஆம்புலன்ஸை மாமாவே போன் செய்து நிறுத்தினார். அவர் சர்வீஸில் வாபஸ் வாங்கிய முதல் கேஸ் அதுவாகத்தான் இருக்கும்.

டிராக்குக்குப் போனோம். கழுத்துக்கான சாமான் என்றால் என்ன என்று அங்கேதான் பார்த்தேன். தோளில் உட்காரும் கெட்டியான வளையம். அதிலிருந்து இரண்டு வார்கள் ஹெல்மெட்டின் பின்பக்கம் மாட்டிக்கொள்ளும். கார் எதிலாவது மோதி நின்றால், தலை மட்டும் முன்னால் பறந்து போகாமல் அவை பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட்டும் வேறு; தீப்பிடித்தாலும் தாங்குகிற, காருக்கென்றே செய்தது. செண்பகம் எனக்குத் தாடை வாரைப் பூட்டி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். “ரெண்டு வெரல் நொழையணும். அதுக்கு மேல இறுக்கக் கூடாது” என்றாள். எல்லோரையும்விட மெதுவாக ஓட்டினேன். பயம் கடைசிச் சுற்று வரை போகவில்லை.

ஆவணியில் சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது பயந்தவன் புத்தி திரும்ப வந்தது. முடிச்சை இறுக்கிக்கொண்டே போனேன். குனிந்திருந்தவள் எனக்கு மட்டும் கேட்கும்படி, “ரெண்டு வெரல் நொழையணும்” என்றாள். மேளச் சத்தத்தில் நான் சிரித்தது யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற மாமாவைத் தவிர.

அவர் சும்மா இருப்பாரா? இன்றைக்கும் சுரண்டையில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், வாங்க என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. “கழுத்து எப்படி இருக்கு மாப்ள?” என்று அவர் வாசலிலேயே குரல் கொடுப்பார். பந்தலே சிரிக்கும். நான் சட்டைக் காலருக்குள் இரண்டு விரலை விட்டுக் காட்டிவிட்டு உள்ளே போவேன். சாப்பிட்டுக் கிளம்பும்போது, யாராவது ஒருவர் என் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டைத் திணித்துவிடுவார்.