மெயிலுக்குப் பெயர் மாற்றம்

தோஹாவில் இருக்கும் மாப்பிள்ளை ரகுநாத் அவர்களுக்கு, கட்டுமாவடியிலிருந்து மாமனார் நல்லதம்பி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் என் மகள் காவ்யாவும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் நம் நண்டு கம்பெனியின் மெயிலிலேயே வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பெருமையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கட்டுமாவடியில் கம்பெனிப் பெயரிலேயே மெயில் வைத்திருக்கும் நண்டு வியாபாரி நான் ஒருவன்தான். போன மாதம் அதைப் பழைய மெயில் கம்பெனியிலிருந்து புதுசுக்கு மாற்றினோமா, அன்றிலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை. சிங்கப்பூர்க்காரர் போன் போட்டு, ஆர்டர் அனுப்பினால் பதில் போடத் தெரியாதா, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டார். அவர் போனால் நம் வியாபாரமே படுத்துவிடும். நேற்று மீமிசலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சத்யாவிடம் ஓடினேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "ஐயா, மெயில் எங்கிட்டுப் போகணும்னு இன்டர்நெட்ல சொல்ற டிஎன்எஸ் ரெக்கார்டு இன்னும் பழைய கம்பெனி பேர்லயே இருக்கு. அதான் எல்லாம் அங்கிட்டே போகுது. ரெக்கார்டை மாத்துனா சரியாயிரும்" என்றது. "இம்புட்டுத்தானா?" என்று கிளம்பிவிட்டேன். பின்னாலிருந்து ஏதோ சொல்லிக் கூப்பிட்டது, நான் நிற்கவில்லை. ரெக்கார்டு மாற்ற எனக்கா சொல்லித்தர வேண்டும்? அப்பா பேரிலிருந்த தோப்பை என் பேருக்கு மாற்றியவன் நான்.

நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் மனு கொடுத்தேன். ரெக்கார்டு பழைய பேரில் இருப்பதால் புது மெயில் கம்பெனி பேருக்கு மாற்றித் தரவும் என்று எழுதி, நம் கம்பெனி நடப்பது வீட்டில்தானே என்று வீட்டுப் பட்டா நகலையும் இணைத்திருந்தேன். அவர் படித்துவிட்டு, "அண்ணே, யோசிச்சுத்தான் குடுக்குறீங்களா? வீட்ல சம்மதமா?" என்றார். "சிங்கப்பூர்லேருந்து மெயில் வரணும்ங்க, இதுல சம்மதம் என்ன?" என்றேன். மனுவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். இன்று காலை மெயிலைத் திறந்தால், சிங்கப்பூர் ஆர்டர் வந்து நிற்கிறது! தோப்புக்குப் பெயர் மாற்ற நடந்த நடையில் எனக்குச் செருப்பு தேய்ந்தது. மெயிலுக்கு ஒரே நாள். மீன் ஏலம் போடும் இடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். ஆபீசில் கம்ப்யூட்டர் சிக்கல் ஏதும் வந்தால் கூச்சப்படாமல் மாமாவைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
நல்லதம்பி

பி.கு.: அனுப்பப்போகும் நேரத்தில் காவ்யா போன் செய்தாள். சத்யா போனில் விஷயத்தைச் சொல்ல, நம் மெயில் பாஸ்வேர்டு வைத்திருக்கும் காவ்யாதான் நேற்றே தோஹாவிலிருந்து ரெக்கார்டை மாற்றினாளாம். "அது எல்லா எடத்துக்கும் போய்ச் சேர ஒரு நாள் ஆகும்ப்பா" என்கிறாள். என் மகளல்லவா, பெருமை எங்கும் போகவில்லை. ஆனால் மாப்பிள்ளை, இப்போது கிராம நிர்வாக அலுவலகத்து ஆள் வாசலில் நிற்கிறார். வீட்டை மெயில் கம்பெனி பேருக்கு எழுதிக் கொடுப்பதற்கு அத்தையின் கையெழுத்தும் வேண்டுமாம். "எதுக்குங்க கையெழுத்து?" என்று கேட்டுக்கொண்டே அவள் வெளியே வருகிறாள். உடனே அவளுக்குப் போன் போட்டு ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள்.